பிறந்த ஊரும் விசாக் குலுக்கலும்

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறும் உரிமையைக் குலுக்கல் மூலம் வழங்கும் திட்டம் ஒன்று இருப்பதை நம் சங்க அன்பர்கள் பலரும் அறிவார்கள். 'கிரீன் கார்டு லாட்டரி' என்பது அதன் செல்லப்பெயர். 'பன்முகத்தன்மை விசாத் திட்டம்' என்ற பொருளில் 'டைவர்சிட்டி விசா' என்பது அதிகாரப் பெயர். வளைகுடாவில் வேலை செய்யும் நமக்கும் ஊரில் இருக்கும் உறவினர்களுக்கும் இதைப்பற்றி ஏராளமான நம்பிக்கைகளும் அவற்றைவிட ஏராளமான தவறான தகவல்களும் உள்ளன. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியைச் சேர்ந்தவன் என்ற முறையிலும், நம்மவர்களின் விண்ணப்பத் தாள்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையிலும், இதுபற்றி நான் அறிந்தவற்றை விளக்கமாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். நெய்யாற்றின்கரை, பாறசாலை பக்கத்து ஊர்களில் "ரிசல்ட் எப்பம் வரும் மாமா?" என்று என்னிடம் கேட்ட இளைஞர்களில் பெரும்பாலோர், வர முடியாத ஒரு முடிவுக்காகவே காத்திருந்தார்கள். அவர்கள் அந்தக் குலுக்கலில் சேரவே தகுதி இல்லாதவர்கள். அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பணம் வாங்கியவர்களோ நிச்சயமாகச் சொல்லவில்லை.

நம் ஊர் லாட்டரியும் அந்த லாட்டரியும்

எல்லைப்புறத்து மக்களுக்கு லாட்டரி புதிதன்று. கேரள அரசு 1967-இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ஆம் நாள் நடந்தது. தமிழ்நாடு அரசு 2003-இல் லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தடை செய்த பிறகு, களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சீட்டு வாங்கிச் செல்வோர் பெருகினர். சீட்டு வாங்குகிறவர் எந்த மாநிலத்தவர் என்று கடைக்காரர் கேட்பதில்லை. 2023-ஆம் ஆண்டு திருவோணம் பம்பரின் முதல் பரிசான 25 கோடி ரூபாய் தமிழ்நாட்டைச் சேர்ந்த நண்பர்கள் நால்வருக்கே கிடைத்தது. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பரிசு என்பதுதான் இங்கே நியாயம்.

இந்தப் பழக்கத்தால்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து. பணம் கொடுத்தால் சீட்டு கிடைக்கும், சீட்டு இருந்தால் வாய்ப்பு உண்டு என்று இயல்பாகவே நினைத்துவிடுகிறோம். அமெரிக்கக் குலுக்கலின் நியாயம் வேறு. அங்கே சீட்டு என்பது நீங்கள் பிறந்த மண். அந்த மண் பட்டியலில் இல்லையென்றால் எத்தனை பணம் கொடுத்தாலும் சீட்டு கிடையாது.

திட்டம் பிறந்த விதம்

அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இதற்கு வழி செய்தது. 1995-ஆம் நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவுக்குக் குறைவான மக்களே குடியேறும் நாடுகளில் இருந்தும் ஆட்கள் வரவேண்டும் என்பதே நோக்கம். ஆகவே முந்தைய ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் குடியேறிய நாடுகளில் பிறந்தவர்கள் அந்த ஆண்டுக் குலுக்கலில் சேர முடியாது. இந்தியாவிலிருந்து பொறியாளர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், அவர்களுடைய குடும்பத்தார் என்று ஏராளமானோர் சென்று கொண்டிருப்பதால், இந்தியா தொடக்கம் முதலே விலக்கப்பட்ட நாடாக இருந்து வருகிறது. கேரளத்துச் செவிலியர்கள் அங்கே சென்று உழைத்ததும் இந்த எண்ணிக்கையில் அடக்கம். முன்னே போனவர்கள் பெருகியதால் பின்னே வருபவர்களுக்கு இந்த ஒரு கதவு அடைபட்டுவிட்டது.

பட்டியல் மாறக்கூடியது. எடுத்துக்காட்டாக, வங்காளதேசம் பல ஆண்டுகள் பட்டியலில் இருந்து, 2013-ஆம் ஆண்டுக்குரிய குலுக்கல் முதல் விலக்கப்பட்டது. இலங்கை, நேபாளம், மலேசியா, குவைத், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் போன்றவை தகுதியுள்ள நாடுகளின் வரிசையில் இருந்து வந்திருக்கின்றன. கனடா விலக்கப்பட்ட நாடு.

சட்டப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 55,000 விசாக்கள். அவற்றில் ஒரு பகுதி வேறு திட்டங்களுக்கு ஒதுக்கப்படுவதால் கிடைப்பவை இன்னும் குறைவு. எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது.

கடவுச்சீட்டு அல்ல, பிறந்த இடம்

இந்த இடத்தில்தான் வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நாம் எந்த நாட்டுக் குடிமகன், எந்த நாட்டில் வசிக்கிறோம், எந்தக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறோம் என்பவற்றை வைத்துக் குலுக்கலில் சேரும் தகுதி முடிவாவதில்லை. எங்கே பிறந்தோம் என்பதுதான் கேள்வி.

ஆகவே, பாறசாலையில் பிறந்து குவைத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்பவர் இந்தியாவில் பிறந்தவரே. அவருக்குத் தகுதி இல்லை. அவருடைய மகள் குவைத்தில் பிறந்திருந்தால், இந்தியக் கடவுச்சீட்டே வைத்திருந்தாலும், இந்தக் குலுக்கலைப் பொறுத்தவரை அவள் குவைத்தைச் சேர்ந்தவள். குவைத் அவளுக்குக் குடியுரிமை தரவில்லை. தந்தையின் வேலை முடிந்தால் அவளும் பெட்டி கட்ட வேண்டியவள். ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு அவள் அந்த மண்ணில் பிறந்தவள், அவ்வளவுதான்.

நம் குடும்பங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவோம். அதனால் மூத்த பிள்ளை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலோ, எல்லை தாண்டி மார்த்தாண்டத்திலோ நெய்யூரிலோ பிறந்திருக்கும். இளைய பிள்ளை மஸ்கட்டிலோ துபாயிலோ பிறந்திருக்கும். ஒரே தாய் தந்தை, ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம். ஆனால் இளையவனுக்குக் குலுக்கலில் இடம் உண்டு, மூத்தவனுக்கு இல்லை. பாட்டி வீட்டில் பிறந்தது அவன் குற்றமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். குற்றம் ஒன்றுமில்லை, சட்டம் அப்படி இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

நம் எல்லைப்புறத்துக்கு இது ஒரு வகையில் பழகிய அனுபவம்தான். 1955 செப்டம்பர் 30-இல் மாநிலச் சீரமைப்புக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்தில் நின்றுவிட்டது. அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை வீடு மறு மாநிலத்திலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. பிறந்த இடம் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதே பள்ளிக்கூட மொழியையும் அரசு வேலையையும் தீர்மானித்ததை நம் பெரியவர்கள் பார்த்தவர்கள்.

இரண்டு விதிவிலக்குகள்

இந்தியாவில் பிறந்தவருக்கு வழியே இல்லையா என்றால், இரண்டு விதிவிலக்குகள் உண்டு.

முதலாவது, கணவன் அல்லது மனைவி பிறந்த நாடு. நீங்கள் பாறசாலையில் பிறந்தவர், உங்கள் மனைவி இலங்கையிலோ மலேசியாவிலோ பிறந்தவர் என்றால், அவர் பிறந்த நாட்டின் பெயரில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். இருவருக்கும் ஒன்றாகவே விசா வழங்கப்பட வேண்டும், இருவரும் ஒன்றாகவே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும்.

இரண்டாவது, பெற்றோர் பிறந்த நாடு. நீங்கள் பிறந்த நேரத்தில் உங்கள் தாயோ தந்தையோ அந்த நாட்டில் பிறந்தவராகவும் இல்லாமல், அங்கே நிரந்தரமாக வசிப்பவராகவும் இல்லாமல் இருந்திருந்தால், பெற்றோர் ஒருவர் பிறந்த நாட்டைக் காட்டலாம். மேலே சொன்ன மூத்த பிள்ளைக்கு இது உதவாது. அவனுடைய பெற்றோர் இந்தியாவில் பிறந்தவர்கள் ஆயிற்றே.

இங்கே நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒரு கூட்டம் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்துப் புனலூரிலும் அரசு ரப்பர்த் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. மலையகத்தில் பிறந்து கைக்குழந்தையாக இங்கே வந்தவர், இன்று முழு இந்தியக் குடிமகனாக இருந்தாலும், இலங்கையில் பிறந்தவரே. இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்குமானால் அவருக்கும், அவரைத் திருமணம் செய்தவருக்கும் தகுதி உண்டு. தோட்டத்து லயத்தில் பிறந்தது ஒரு காலத்தில் இரண்டு நாடுகளிலும் அவருக்கு இடமில்லாமல் செய்தது. அதே பிறப்பு இங்கே ஒரு வாய்ப்பாகிறது.

பிறந்த நாடு மட்டும் போதாது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். அல்லது, குறைந்தது இரண்டு ஆண்டுப் பயிற்சி தேவைப்படும் ஒரு தொழிலில், கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும்.

காத்திருப்பின் கணக்கு

வழக்கமாக அக்டோபர், நவம்பர் மாதங்களில் பதிவு நடக்கும். முடிவு அடுத்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் வெளியாகும். 2026-ஆம் நிதியாண்டுக்கான பதிவு 2024 அக்டோபர் 2-இல் தொடங்கி நவம்பர் 7-இல் முடிந்தது. முடிவு 2025 மே 3-இல் வெளியானது. இடைப்பட்ட ஆறு மாதங்கள் வெறும் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தில் எந்த அலுவலகமும் யாருக்கும் எந்தத் தகவலும் தராது.

முடிவைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைக் கொடுத்து நீங்களே பார்ப்பதுதான். நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள் என்று கடிதமோ மின்னஞ்சலோ தொலைபேசியோ வராது. அப்படி வந்தால் அது மோசடி. அமெரிக்க அரசின் இணைய முகவரிகள் 'டாட் கவ்' என்று முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

தேர்வானாலும் காத்திருப்பு முடிவதில்லை. 2025-ஆம் நிதியாண்டுக் குலுக்கலில் ஏறத்தாழ 2 கோடி விண்ணப்பங்கள் வந்தன. தேர்வானவர்கள், குடும்பத்தாரையும் சேர்த்து, சுமார் 1,31,000 பேர். விசாக்களோ அதில் பாதிகூட இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கப்படும். மாதந்தோறும் எந்த எண் வரை நேர்காணல் என்று அறிவிப்பார்கள். உங்கள் எண் பெரியதாக இருந்தால் முறை வராமலே போகலாம். நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. அன்றைக்குள் விசா கைக்கு வராவிட்டால் எல்லாம் காலாவதி. கேரள லாட்டரியில் பரிசு விழுந்த சீட்டைக் குறித்த நாளுக்குள் ஒப்படைக்காவிட்டால் வெறும் காகிதம் ஆகிவிடுவது போலத்தான் இதுவும். ஆனால் இங்கே தாமதம் தூதரகத்தின் பக்கம் நேர்ந்தாலும் இழப்பு நம்முடையது.

முடிவே மாறிப்போன ஆண்டும் உண்டு. 2011 மே 1-ஆம் நாள் வெளியான முடிவில் சுமார் 22,000 பேர் தேர்வானதாகப் பார்த்து மகிழ்ந்தார்கள். கணிப்பொறிப் பிழையால் பதிவின் முதல் இரண்டு நாட்களில் விண்ணப்பித்தவர்களே பெரும்பாலும் தேர்வாகியிருந்தார்கள் என்று தெரியவந்தது. குலுக்கல் முறையாக நடக்கவில்லை என்று சொல்லி மே 13-இல் முடிவையே ரத்து செய்தார்கள். புதிய முடிவு ஜூலை 15-இல் வந்தது. முதல் பட்டியலில் இருந்தவர்கள் வழக்குத் தொடர்ந்தும் பயன் இல்லை. இணையதளத்தில் பெயரைப் பார்த்த அன்றே வேலையை விட்டவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, 2025 டிசம்பரில் இந்தத் திட்டத்தை நிறுத்தி வைப்பதாக அமெரிக்க அரசு அறிவித்தது. ஆகையால் யாராவது "பதிவு நடக்கிறது, உடனே பணம் கட்டு" என்று சொன்னால், முதலில் அதிகாரபூர்வ இணையதளத்தில் பதிவு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடைத்தரகர்களின் வேலை

இந்தக் குலுக்கலில் சேர நீண்ட காலமாகக் கட்டணமே கிடையாது. 2025 செப்டம்பரில்தான் ஒரு டாலர் பதிவுக் கட்டணம் அறிவிக்கப்பட்டது. தேர்வானவர்கள் கட்ட வேண்டிய விசாக் கட்டணம் நேர்காணலின்போது தூதரகத்தில் செலுத்தப்படுவது. இடையில் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஊரில் நடப்பது வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பையன், நெய்யாற்றின்கரையில் பிறந்தவன், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரு தரகரிடம் பணம் கட்டினான். முதல் ஆண்டு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. ஒவ்வொரு மே மாதமும் "இந்த முறை இல்லை, அடுத்த முறை உறுதி" என்று பதில். அவனிடம் பதிவு எண் கேட்டேன், இல்லை. விண்ணப்பத்தின் நகல் கேட்டேன், அதுவும் இல்லை. விண்ணப்பம் போட்டதற்கே அத்தாட்சி இல்லாத ஒரு குலுக்கலுக்காக, சவூதியில் கிடைத்த ஒரு நல்ல வேலையை அவன் வேண்டாம் என்று சொல்லியிருந்தான். பணத்தைவிட அந்த மூன்று ஆண்டுகள்தான் பெரிய நஷ்டம்.

இன்னும் ஆபத்தான வகை ஒன்று உண்டு. இந்தியாவில் பிறந்தவரை நேபாளத்தில் பிறந்தவர் என்று காட்டி விண்ணப்பிப்பது. குலுக்கலில் பெயர் வந்தாலும், நேர்காணலில் பிறப்புச் சான்றிதழைக் காட்டும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். விசா மறுக்கப்படுவதோடு முடியாது. பொய்த் தகவல் கொடுத்தவர் என்ற காரணத்தால் பிற்காலத்தில் வேலை விசாவிலோ, பிள்ளைகளைப் பார்க்கவோகூட அமெரிக்கா செல்ல நிரந்தரத் தடை வரலாம். எழுதியவர் தரகர்தான் என்று சொன்னாலும் பொறுப்பு விண்ணப்பதாரருடையதே.

சில தரகர்கள் தங்கள் மின்னஞ்சலையே கொடுத்துப் பதிவு எண்ணைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். பெயர் வந்துவிட்டால் எண்ணைத் தர இலட்சக்கணக்கில் கேட்பார்கள். இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவரைக் கணவன் என்றோ மனைவி என்றோ சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

தகுதி உள்ளவர்கள் செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டில் தகுதி உள்ளவர் இருந்து, பதிவும் திறந்திருந்தால், விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். ஒருவர் ஓர் ஆண்டில் ஒரு விண்ணப்பம் மட்டுமே போடலாம். இரண்டு போட்டால் தகுதி போய்விடும். கணவன் மனைவி இருவருக்கும் தகுதி இருந்தால் ஆளுக்கு ஒன்று போட்டு, ஒருவரையொருவர் குடும்பத்தினராகக் காட்டலாம். கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகள் ஆகிய எல்லாப் பெயர்களையும், உடன் வராதவர்களாக இருந்தாலும் எழுத வேண்டும். விட்டுவிட்டால் பிறகு விசா மறுக்கப்படும்.

புகைப்படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக, கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டும். பதிவு எண் வரும் தாளை அச்செடுத்துப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். எல்லைப்புறத்துக் குடும்பங்களில் பெயர்க் குழப்பம் மிகுதி. ஒரு சான்றிதழ் மலையாளத்தில் இருக்கும், மற்றொன்று தமிழில் இருக்கும். ஒன்றில் தலைப்பெழுத்து மட்டும், மற்றொன்றில் அப்பா பெயர் முழுவதும். கடவுச்சீட்டில் இருப்பது மூன்றாவது வகை. இவற்றை ஒன்றாக்கும் வேலையைக் குலுக்கலுக்காக இல்லாவிட்டாலும் செய்துவைப்பது நல்லது. எந்த நாட்டுக்குப் போனாலும் உதவும்.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். குவைத்தில் பிறந்த மகள் தேர்வானால் அவளோடு பெற்றோரோ அண்ணனோ போக முடியாது. அவள் குடியுரிமை பெற்று, 21 வயதும் நிறைந்த பிறகே பெற்றோருக்காக மனு கொடுக்கலாம். உடன்பிறந்தவர்களுக்கான மனு இன்னும் நீண்டது. 2025-இல், இந்தியாவில் பிறந்த உடன்பிறந்தவர்களுக்கான வரிசையில், 2006-ஆம் ஆண்டு கொடுத்த மனுக்களுக்குத்தான் முறை வந்திருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள். ஆனால் அது மெதுவாக நகர்ந்தாலும் வரிசை. அதில் பெயர் இருப்பதற்கு அத்தாட்சி உண்டு.

முடிவாக

காத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. கடல் கடந்து வந்த நாம் எல்லோரும் ஏதோ ஒரு தாளுக்காகக் காத்திருந்தவர்களே. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. ஊரில் யாராவது இந்தக் குலுக்கலுக்குப் பணம் கட்டியிருப்பதாகச் சொன்னால் இரண்டே கேள்விகள் கேளுங்கள். நீயோ உன் துணையோ பிறந்தது எந்த நாட்டில்? பதிவு எண் உன் கையில் இருக்கிறதா? முதல் கேள்விக்கு இருவருக்கும் பதில் இந்தியா என்றால், காத்திருக்க வேண்டாம் என்று அன்போடு சொல்லிவிடுங்கள். அப்போதைக்கு அவர்கள் மனம் நோகும். ஆனால் அந்தப் பணமும், அதைவிட அருமையான இளமைக் காலமும், படிப்புக்கோ தொழிலுக்கோ கிடைக்கும் வேறு வேலைக்கோ பயன்படும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் இந்தச் செய்தியைத் தத்தம் உறவினர் வீடுகளில் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.